ஸ்தாபகர் காக்குயிஸ் துரை

கடல் வந்த அன்று பனிச்சந்துறைக் கல்லூரியில் ஒரு கக்கூசு போனது. ஒரு ஸ்தாபகர் வந்தார். போனதைப் பற்றிக் கவலைப்பட ஒரேயொரு ஆள்தான் இருந்தது. வந்தவரைக் கொண்டாட ஒரு சபையே கூடியது.

அந்த ஒரேயொரு ஆள் கண்ணகை டீச்சர். பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாசிரியை. கணக்குப் படிப்பிப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். பெரிய மனிதர்கள் பேசும்போது தலையாட்டிக் கேட்பார். கேட்டு முடித்த பிறகு, தனக்கு ஏன் ஒன்றும் விளங்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். இந்தச் சுபாவத்தோடு ஒருவர் ஒரு பழம்பெரும் கல்லூரியில் எத்தனை வருடமும் வேலை பார்க்கலாம்.

விடுதியின் பெயர் வாவி விடுதி. கல்லூரியின் மானம், மரியாதை, நாட்காட்டிப் படம் எல்லாம் அதுதான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். இரண்டு பிள்ளைகள் கைகோத்து அணைத்தாலும் பிடிபடாத தூண்கள். வளைவு வளைவாக வாசல்கள், அகன்ற விறாந்தை, பீலி ஓடு. சுனாமியன்று முகத்துவாரத்தால் உள்ளே வந்த கடல் மட்டக்களப்பு வாவியை நிரப்பி வளவுக்குள் ஏறியபோது, அந்தத் தூண்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தது கடவுள் செயல். போகிற போக்கில் கடல், பின்வளவில் சீமெந்துக் கல்லால் கட்டியிருந்த கக்கூசு வரிசையைக் கோப்பையோடும் கதவோடும் தூக்கிக்கொண்டு போனது. அதோடு வாவிக்கரைப் பக்கத்து மண்மேட்டையும் அரித்துவிட்டது. மேடு போன இடத்தில் ஒரு கருங்கல் மேடை தெரிந்தது. மேடையில் வாவியைப் பார்த்தபடி மூன்று கல் ஆசனங்கள். ஒவ்வொரு ஆசனத்தின் நடுவிலும் வட்டமாக ஒரு துவாரம். பக்கத்தில் எழுத்துப் பொறித்த ஒரு கல்.

எழுத்தை வாசித்தவர் பாக்கியராசா. கல்விக் கந்தோர் ஒன்றில் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்லூரியின் பழைய மாணவர். எந்தச் சபையைக் கூட்டினாலும் தலைவர் நாற்காலிக்கு நேரே நடந்துபோகத் தெரிந்தவர். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். கல்லில் இருந்தவை இவ்வளவுதான்: காக்குயிஸ், அன்னோ, 1763.

"ஒல்லாந்தன்ர கல்லு," என்றார். "காக்குயிஸ் குடும்பப் பேர். அன்னோ சொந்தப் பேர். நாம பிள்ளைகள்ர பேர இடாப்பில எழுதுற மாதிரிக் குடும்பப் பேர முன்னுக்கு எழுதியிரிக்கிறாங்க. ஆயிரத்தி எழுநூற்றி அறுபத்தி மூண்டில அன்னோ காக்குயிஸ் எண்டொரு துரை இந்த இடத்தில பள்ளிக்கூடம் தொடங்கியிரிக்கிறார்."

"பள்ளிக்கூடமா சேர்?" என்று கேட்டார் கல்லூரி அதிபர் நல்லரத்தினம்.

"ஆசனத்தப் பாக்கலயா? ஒண்டு வாத்தியாருக்கு, மற்ற ரெண்டும் மாணவருக்கு. முதல் வகுப்பு!"

அதிபருக்கு மயிர் கூச்செறிந்தது. அதுவரை பனிச்சந்துறைக் கல்லூரி, எவரோ ஒரு பாதிரியார் பிற்காலத்தில் தொடங்கியதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஒரே மூச்சில் நூறு வருடத்துக்கு மேல் வயது ஏறிவிட்டது. மனிதருக்கு வயது ஏறினால் முதுகு கூனும். பள்ளிக்கூடத்துக்கு வயது ஏறினால் நெஞ்சு நிமிரும்.

"இனிப் பழைய பள்ளிக்கூடம் எண்டு சொல்லி யாழ்ப்பாணத்தார் வாய் திறக்க ஏலா," என்றார் பாக்கியராசா. அன்றைக்கே பாரம்பரியப் பேணுகைச் சபை பிறந்துவிட்டது.

பள்ளிக்கூடம் மீண்டும் தொடங்கிப் பிள்ளைகள் விடுதிக்கு வந்தார்கள். வெல்லாவெளி, பழுகாமம், அங்கால வாகரைப் பக்கம் என்று தூரத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். வந்த பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுக்க, பொம்மை கொடுக்க, பனிப்பிரதேசத்துக் கம்பளிச் சட்டை கொடுக்கவெல்லாம் உலகம் முழுவதிலுமிருந்து நிறுவனங்கள் வந்து நின்றன. கக்கூசு மட்டும் இல்லை. பின்வளவுக்கு அப்பால் கண்டல் பற்றைக்குள் தரப்பாள் கட்டிக் குழி வெட்டிக் கொடுத்தார் கண்ணகை டீச்சர். அதற்குப் போகும் வழியில் இராணுவத்தின் காவலரண். பிள்ளைகள் மாலையில் வாளியோடு வரிசையாகப் போனால் அங்கிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம் கூடவே வரும். "கவுத?" என்று ஒரு குரல் சிங்களத்தில் யாரென்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒரு பெண்பிள்ளை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

பிள்ளைகள் பதில் சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள்.

டீச்சர் சபையின் முதல் கூட்டத்துக்கே போனார். "சேர், பிள்ளைகளுக்குக் கக்கூசு இல்ல. பழைய இடத்திலயே கட்டித் தந்தீங்க எண்டா..."

பாக்கியராசா கையை உயர்த்தினார். "டீச்சர், இது பாரம்பரியச் சபை. இந்தச் சபையில அந்தச் சொல்லப் பாவிக்கக் கூடாது."

"எந்தச் சொல் சேர்?"

"இப்ப நீங்க சொன்னது."

"அப்ப மலசலகூடம் எண்டு..."

"அதுவும் அவ்வளவு நல்லமில்ல. சுகாதார வசதி எண்டு சொல்லுங்க."

அந்தச் சொல் சபையில் தடைசெய்யப்பட்டதாகத் தீர்மானம் எழுதப்பட்டது. அடுத்த தீர்மானம், ஸ்தாபகரின் மேடையைச் சுற்றிக் கயிறு கட்டுவது. கயிற்றுக்குள் எவரும் மண்வெட்டி போடக் கூடாது. பழைய கக்கூசு இருந்த இடம் கயிற்றுக்குள் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் கயிறு கொஞ்சம் விரிந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் வளவு முழுவதையும் விழுங்கிவிட்டது. சுகாதார வசதி கட்ட வந்த நிறுவனங்கள் கயிற்றைப் பார்த்துத் திரும்பிப் போயின. ஒரு நிறுவனம் மனம் பொறுக்காமல், கொண்டுவந்த கக்கூசுக் கோப்பைகளை விறாந்தையில் இறக்கிவிட்டுப் போனது. ஸ்தாபகர் தினம் வந்தபோது சபை அந்தக் கோப்பைகளில் மண் நிரப்பிக் குறோட்டன் நட்டு வரவேற்பு வாசலில் இரு பக்கமும் அடுக்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து ஒரு கட்டடக்கலை நிபுணர் வந்தார். மேடையைச் சுற்றி வந்து, முழங்காலிட்டு, ஒரு ஆசனத்தின் துவாரத்துக்குள் குனிந்து பார்த்தார். தூரத்தில் நின்ற கண்ணகை டீச்சருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு நினைப்பு வந்தது. வந்தவுடன் வெட்கமாகிவிட்டது. "சீ, கக்கூசு இல்லாம அலைஞ்சு அலைஞ்சு, கண்டதெல்லாம் கக்கூசாத் தெரியுது," என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டார்.

நிபுணர் எழுந்து விளக்கினார்: "மட்டக்களப்பின் வெக்கையை ஒல்லாந்தர் நன்கு உணர்ந்திருந்தனர். வாவியின் குளிர்காற்று கீழிருந்து மேலாக எழுந்து, மாணவரின் உடலைத் தொட்டு, சிந்தனையைக் கிளர்த்தும் வண்ணம் இத்துவாரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. கீழே வாவிக்குச் செல்லும் கால்வாய் ஒன்றும் உண்டு. கீழைத்தேயத்தில் இத்தகைய இயற்கைக் குளிரூட்டல் வேறெங்கும் இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

அதன் பிறகு காக்குயிஸ் துரையைத் தடுக்க ஆளில்லை. பதாகை எழுதும் ஒருவர் அவருக்குப் படம் வரைந்தார். துரையின் முகம் தெரியாததால், தனக்குத் தெரிந்த ஒரு சினிமா வில்லனின் மீசையை வைத்து, மேலே ஒரு இறகுத் தொப்பியைக் கவிழ்த்துவிட்டார். விடுதிக் கீதம் மாற்றி எழுதப்பட்டது: "காக்குயிஸ் காட்டிய கலைவழி செல்வோம், காலை மாலை அவர் பதம் பணிவோம்." மாணவத் தலைவிகள் மேடைக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார்கள். விடுதித் தூண்களில் சாயக் கூடாது, வளைவில் ஈரத் துணி காயப்போடக் கூடாது, விறாந்தையில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று பலகைகள் முளைத்தன. சண்டை மூண்டு ஷெல் குண்டுச் சத்தத்தில் சுவர்க் காரை உதிர்ந்தபோது, பிள்ளைகள் கட்டிலுக்கடியில் படுத்திருந்தார்கள். சபை அந்தக் காரையைப் பொறுக்கிப் போத்தலில் போட்டுப் பெயரெழுதி வைத்தது.

ஸ்தாபகர் தினத்தில் பாக்கியராசா ஆற்றிய உரை இன்றும் கல்லூரி மலரில் இருக்கிறது.

"பெரியோர்களே! ஒல்லாந்தர் நமக்குத் தந்த செல்வங்கள் எத்தனை! கந்தோர் என்கிறோம், லாச்சி என்கிறோம், போஞ்சி என்கிறோம், நொத்தாரிசு என்கிறோம். அத்தனையும் அவர்கள் சொற்கள். ஐந்தாவதாக இன்னொரு சொல்லும் உண்டாம். அது சபையில் சொல்லத் தகாததென்று ஒரு நூலில் கண்டதால், அடியேன் அதை மேற்கொண்டு ஆராயவில்லை. காக்குயிஸ் துரையோ சொல்லாலல்ல, செயலால் வாழ்ந்தவர். தன்னிடமிருந்த அனைத்தையும் அவர் இந்த மண்ணிலேயே விட்டுச் சென்றார். எவ்வளவு பெரிய மனிதராயினும் இங்கு வந்தால் அமர்ந்தே ஆக வேண்டும். அமர்ந்து எழுந்தவர்கள் பாரம் இறங்கிப் புது மனிதராகச் செல்வதை நானே உணர்ந்திருக்கிறேன்."

பிறகு அவர் நடு ஆசனத்தில் அமர்ந்தார். அதிபர் இடப்பக்கம். வந்த அதிதி வலப்பக்கம். மூவரும் கைகளை முழங்காலில் வைத்து நேரே பார்க்கும் படம் மலரின் அட்டையில் வந்தது.

கீதம் பாடிக்கொண்டு நின்றபோது உசாந்தி மயங்கி விழுந்தாள். வெல்லாவெளிப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் வந்தவள். சண்டையில் வாவியைக் கடந்து வீட்டுக்குப் போக முடியாத மாதங்களில் டீச்சரின் அறையிலேயே படுத்துப் படித்தவள். ஆஸ்பத்திரியில் டொக்டர் டீச்சரைத்தான் ஏசினார். "இந்தப் பிள்ள தண்ணி குடிக்கிறதே இல்லயா? கிட்னிய நாசமாக்கிப் போடுவா. இப்பிடியே போனா படிப்ப விட்டுட்டு இஞ்சதான் வந்து கிடக்கணும்."

"ஏன் மகள் குடிக்கல்ல?" என்று டீச்சர் கட்டிலருகே இருந்து கேட்டார்.

"குடிச்சாப் போகணுமே டீச்சர்."

டீச்சருக்கு அழுகை வந்தது. மலரில் பாக்கியராசா, ஸ்தாபகர் மீது கொண்ட உணர்ச்சிப் பெருக்கால் மாணவியொருவர் மயங்கிச் சரிந்ததாக எழுதினார். உசாந்தியின் தகப்பனார் வந்து, இனி இந்த விடுதி வேண்டாம், பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்று நின்றார். உயர்தரச் சோதனை வரை பொறுங்கள் அண்ணன், அதற்குள் எப்படியும் கட்டிவிடுவோம் என்று டீச்சர் வாக்குக் கொடுத்து அனுப்பினார். எதை நம்பிக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

யுத்தம் கிழக்கில் ஒரு தரம் முடிந்தது. வடக்கில் இன்னொரு தரம் முடிந்தது. பனிச்சந்துறையில் கக்கூசு மட்டும் தொடங்கவில்லை.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த வருடம், ஒல்லாந்து நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்து இறங்கினார். பள்ளிக்கூடங்களுக்குக் கக்கூசு கட்டிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. பெயர் மாறைக்கே. பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் மாரியக்கா ஆக்கிவிட்டார்கள். மொழிபெயர்க்கக் காத்தான்குடிப் பிள்ளை பர்ஸானா கூட வந்திருந்தாள்.

சபைக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்தாபகரின் நாட்டுப் பெண்! குறோட்டன் கோப்பைகளுக்கு நடுவே மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். மாரியக்கா கோப்பைகளை ஒரு தரம் பார்த்தார். கீதம் பாடினார்கள். பாக்கியராசா அவரை மேடைக்கு அழைத்துப் போய், துவாரங்களையும் குளிர்காற்றையும் முதல் வகுப்பையும் விளக்கினார். பிறகு கல்லைக் காட்டினார்.

மாரியக்கா குனிந்து வாசித்தார். நிமிர்ந்து ஆசனங்களைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். முகம் சிவந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"தன்ர நாட்டுப் பெரியவரக் கண்டு அழுறா," என்று பாக்கியராசா தழுதழுத்த குரலில் அதிபரிடம் சொன்னார். அதிபர் அதையும் படம் எடுத்தார்.

சபைப் பெரியவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு மாரியக்கா பர்ஸானாவை இழுத்துக்கொண்டு சமையல் நடக்கும் குசினிப் பக்கம் வந்தார். கண்ணகை டீச்சர் அங்கேதான் நின்றார். மாரியக்கா ஏதோ சொல்ல, பர்ஸானா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"டீச்சர், இவங்க சொல்றத நான் எப்பிடிச் சொல்ற எண்டு தெரியல்ல."

"பறவாயில்ல, சொல்லு மகள்."

"அது ஆள்ர பேர் இல்லயாம். அன்னோ எண்டா ஆண்டாம். கட்டின ஆண்டு. மற்றது வந்து... ஒரு வீடாம்."

"என்ன வீடு?"

"போற வீடு டீச்சர்."

"எங்க போற வீடு?"

மாரியக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தச் சொல்லைத் தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் வாய் நிறையச் சொன்னார். "கக்ஹூஸ்!"

டீச்சர் கேட்டார்: "கக்கூசா?"

"ஓம்! ஓம்!" என்றார் மாரியக்கா. தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் 'ஓம்' ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். இப்போது கக்கூசோடு இரண்டாகிவிட்டது.

டீச்சருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குசினிக்கார கைறுன்னிஸா என்ன ஏதென்று ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சருக்கு உசாந்தியின் முகம் ஞாபகம் வந்தது. மழையில் வாளியோடு போன பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். டோர்ச் வெளிச்சம் ஞாபகம் வந்தது. ஒரு கக்கூசைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகளுக்குக் கக்கூசு இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். சிரிப்பு நின்று, உடம்பெல்லாம் கோபம் ஏறியது. வாழ்க்கையில் அவருக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

அவசரக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று சொன்னார்: "சேர், கல்லில இரிக்கிறது கக்கூசு."

பாக்கியராசா கையை உயர்த்தினார். "டீச்சர், அந்தச் சொல் இந்தச் சபையில..."

"அது உங்கட ஸ்தாபகர்ர பேர் சேர்."

பர்ஸானா எழுந்து விளக்கினாள். முடித்ததும் சபையில் எவரும் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த மலரை யாரோ மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்கள். அட்டைப்படத்தில் மூன்று பேரும் இருந்த இருப்பு இப்போது வேறு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப... கீதம்?" என்றார் அதிபர். காலை மாலை பதம் பணிவோம் என்ற அடி அவருக்கு நினைவு வந்தது போலும்.

பாக்கியராசா கண்ணை மூடி யோசித்தார். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் முப்பது வருடம் கந்தோரில் இருந்தவருக்குப் பிழையைத் திருத்தத் தெரியாது. பிழைக்குப் பதவி உயர்வு கொடுக்கத் தெரியும். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு ஒளி இருந்தது.

"அங்கத்தவர்களே! அந்த அம்மையார் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? காக்குயிஸ் துரையிடமிருந்து வந்தது! கல்வியை மட்டுமா அவர் நிறுவினார்? சுகாதாரத்தையும் நிறுவினார். அவர் அமைத்த வசதிக்கு மக்கள் நன்றியோடு அவர் பெயரையே சூட்டினர். அது இங்கிருந்து கப்பலேறி ஒல்லாந்துக்கும் போனது. இன்று ஒல்லாந்து தேசமே காலையில் எழுந்து நம் ஸ்தாபகரின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகிறது!"

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. கவிழ்ந்து கிடந்த மலர் மீண்டும் நிமிர்ந்தது. தடைசெய்த சொல்லின் தடை ஏகமனதாக நீங்கியது. பர்ஸானா இதையெல்லாம் மாரியக்காவுக்கு மொழிபெயர்க்க முயன்று, இடையில் விட்டுவிட்டாள்.

கண்ணகை டீச்சர் கதிரையில் அப்படியே இருந்துவிடப் பார்த்தார். வழக்கம்போல் தலையாட்டிவிட்டு, எனக்குத்தான் விளங்கவில்லை என்று அறைக்குத் திரும்பியிருப்பார். ஆனால் அன்று முதல் தடவையாக அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. மறுபடியும் எழுந்தார்.

"தலைவர் சேர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கல்வியும் சுகாதாரமும் ஸ்தாபகர்ர ரெண்டு கண். ஒரு கண்ண நாம கீதம் பாடித் திறந்து வெச்சிரிக்கிறம். மற்றக் கண் நாலு வருசமா மூடிக் கிடக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இது வெளியில தெரிஞ்சா யாழ்ப்பாணத்தார் சும்மா இரிப்பாங்களா? நாளைக்கே காக்குயிஸ் துரைக்கு அங்க ஒரு கக்கூசக் கட்டிப்போட்டு, அவர் தங்கட ஆள் எண்டு கல்லு வெச்சிடுவாங்க."

சபை திடுக்கிட்டது. பாக்கியராசாவின் முகம் வெளிறியது. கயிறு அவிழ்ந்தது. ஸ்தாபகர் காக்குயிஸ் நினைவுச் சுகாதார மாளிகை, பழைய கக்கூசு இருந்த அதே இடத்தில் கட்டப்படுவதாக அன்றே தீர்மானம் நிறைவேறியது.

மாரியக்காவின் நிறுவனம் சாமான் கொடுத்தது. கட்டியவர் காத்தான்குடி மேசன் அப்துல் கபூர். சபை கேட்டபடி ஒவ்வொரு கதவுக்கும் வளைவு, வளைவுக்கு இரண்டு பக்கமும் தூண், முகப்பில் துரையின் படம். "நம்மட பள்ளிவாசலுக்கும் நான் இவ்வளவு வளைவு வெக்கல்ல டீச்சர்," என்று கபூர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குறோட்டன் பிடுங்கப்பட்டுக் கோப்பைகள் தம் சொந்த வேலைக்குத் திரும்பின.

கட்டி முடிந்தது. பூட்டும் போட்டார்கள். பிரதம அதிதி வந்து திறக்கும்வரை எவரும் உள்ளே போகக் கூடாதென்பது சபையின் தீர்மானம். அதிதி கொழும்பில் பெரிய புள்ளி. திகதி கொடுத்துத் திகதியை மாற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் வாளியோடு புது மாளிகையைத் தாண்டிப் பற்றைக்குப் போய்வந்தார்கள்.

ஒருவாறு திறப்பு விழா வந்தது. காலையிலிருந்தே வெயிலில் பிள்ளைகள் கொடியோடு வரிசையில் நின்றார்கள். வரவேற்புரை சொல்ல உசாந்தி முன்னால் நின்றாள். நிறைகுடம், குத்துவிளக்கு, சிவப்பு நாடா எல்லாம் தயார். அதிதியைத்தான் காணோம். இப்போது வருவார், பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பாக்கியராசா நேரத்தைப் போக்க ஒலிவாங்கியைப் பிடித்துக் காக்குயிஸ் துரையின் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசினார். பேச்சில் தொண்டை வறண்டது. அதிதிக்கென்று சீவி வைத்திருந்த செவ்விளநீரில் ஒன்றைக் குடித்தார். பேசினார். இன்னொன்றைக் குடித்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்ற நீரிழிவும் உண்டு.

துரை கப்பலேறும் கட்டத்தில் அவர் பேச்சைச் சட்டென்று நிறுத்திவிட்டு இறங்கி, காலை ஒட்டி வைத்து நடந்து டீச்சரிடம் வந்தார்.

"தங்கச்சி, பூட்டுத் திறப்பு உங்களிட்டயா இரிக்கு?"

"ஓம் சேர்."

"ஒருக்காத் தாங்க."

"அதிதி இன்னும் வரல்லயே சேர். தீர்மானம் இரிக்கே."

"தீர்மானம் இரிக்கட்டும் தங்கச்சி, எனக்கு அவசரம்."

"பிள்ளைகளுக்கும் அவசரம்தான் சேர். நாலு வருசமா."

பாக்கியராசா டீச்சரைப் பார்த்தார். பற்றைப் பக்கம் பார்த்தார். காவலரணில் இரண்டு சிப்பாய்கள் விழாவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. பிறகு அவர் செய்ததை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. ஒலிவாங்கிக்கு ஓடினார்.

"அவசரத் தீர்மானம்! பிரதம அதிதி மனத்தளவில் வந்து சேர்ந்துவிட்டார் என இச்சபை கருதுகிறது!"

"ஆமோதிக்கிறேன்!" என்று கத்தினார் அதிபர். அவரும் செவ்விளநீர் குடித்திருந்தார்.

கண்ணகை டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து நாடாவை ஒரே வெட்டாக வெட்டினார். பூட்டைத் திறந்தார். "ஓடுங்க புள்ளைகள்!" என்றார்.

கொடிகள் நிலத்தில் விழுந்தன. வளைவுகளுக்குள்ளால் பிள்ளைகள் பாய்ந்தார்கள். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. பாக்கியராசா வந்து சேர்வதற்குள் கடைசிக் கதவு ஒன்றுதான் மிச்சம். அதைப் பிடித்தபடி உசாந்தி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தலைவர் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

அவள் கதவை விட்டு விலகினாள்.

"நீங்க போங்க சேர். எனக்கு அடக்கிப் பழக்கம்."

நக்கலாகச் சொல்லவில்லை. பாவம் பார்த்துத்தான் சொன்னாள். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் இன்னும் கொஞ்சம் நின்று தவிக்கட்டும் என்று அவர் மனதார ஆசைப்பட்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அந்த ஆசைகூட வரவில்லை. டீச்சர் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாக்கியராசா ஒரு கணம் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச நேரமில்லாமல் உள்ளே ஓடினார்.

வெளியே வந்தவர் ஒலிவாங்கிப் பக்கம் போகவில்லை. கடைசித் தொங்கலில் கிடந்த ஒரு கதிரையில் போய் இருந்தார். வெகு நேரம் கழித்து அதிதி வந்ததும் நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். அவர் அதை மறுபடியும் வெட்டி, இந்த நாட்டில் இதுவரை எவரும் பாவிக்காத தூய்மையான மாளிகை ஒன்றைத் திறந்து வைப்பதில் பெருமையடைவதாகச் சொன்னார். உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலை கண்ணகை டீச்சர் குசினிக்குப் போனபோது, கைறுன்னிஸா பெரிய கேத்தலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர் இது, வழக்கத்துக்கு ஊத்துற தேத்தண்ணிதான் ஊத்தின. ஒரு சொட்டு மிச்சமில்ல. இந்த உசாந்திப் புள்ள மட்டும் மூண்டாந்தரமாக் கோப்பைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. இதுகளுக்கு என்ன வந்த?"

"ஒண்டுமில்ல கைறுன்னிஸா," என்றார் டீச்சர். "தாகம். இன்னொருக்கா அடுப்புல வையுங்க."